தென்கடல் பாறையில் ஒரு கலவாய் மீன்

மழை பொய்த்த வருஷம் அது. நாச்சியாபுரத்தில் எங்கள் வயல் தரிசாகக் கிடந்தது. பாம்பனில் சத்திரம் கட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் என் மனைவியும் மானாமதுரை போய் ரயிலேறினோம். நான் கல் சுமந்தேன். அவள் சுண்ணாம்பு குழைத்தாள்.

ஆடிக் காற்றில் வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை. கடையில் கருவாடு மட்டும்தான் கிடைத்தது. வேலையில்லாத ஒரு நாள், தூண்டிலை எடுத்துக்கொண்டு தென்கடல் பாறைகளுக்குப் போனேன். அவளும் கூட வந்தாள்.

எனக்குக் கண்மாயில் மீன் பிடித்துத்தான் பழக்கம். இங்கே அலை ஒரு பக்கமிருந்து வரவில்லை. நாலா பக்கமும் எழுந்து ஒன்றோடொன்று மோதியது. மிதக்கவிட்ட தக்கை கண்ணுக்கே தெரியவில்லை. அதை அறுத்தெறிந்துவிட்டு, நூலில் ஒரு கல்லைக் கட்டி, நண்டுத் துண்டைக் கோத்துப் பாறை இடுக்கில் இறக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் நூல் வெடுக்கென்று இழுபட்டது. மீன் நேராக ஒரு பொந்துக்குள் புகுந்துகொண்டது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. நூலை அவளிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

“எங்குட்டு இறங்குறீக? மீனும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஏறி வாங்க!”

“நூலை விட்றாத. இந்தா வந்துர்றேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அலை அடித்தது. பாசியில் கால் வழுக்கிக் கழுத்தளவு தண்ணீரில் விழுந்தேன். கண்மாயில் கற்ற நீச்சல் அங்கே உதவவில்லை. சிப்பி ஒட்டிய பாறை உள்ளங்கையைக் கிழித்தது. அவள் பாறையில் குப்புறப் படுத்து, எட்டி என் குடுமியைப் பிடித்துவிட்டாள். அடுத்த அலை என்னைத் தூக்கியபோது அப்படியே இழுத்து மேலே போட்டாள்.

நான் உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தேன். அவள் குடுமியை விடவில்லை.

“ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா ஒங்க ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?” என்று அழுதுகொண்டே திட்டினாள்.

“நூல் எங்கடி?” என்றேன்.

முறைத்தாள். நூல் அவளது இடது மணிக்கட்டில் சுற்றி, தோலை அறுத்திருந்தது. நாங்கள் தடுமாறிய நேரத்தில் அது தளர்ந்திருக்க வேண்டும். மீன் தானாகவே பொந்தைவிட்டு வெளியே வந்திருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தோம். முழங்கை நீளக் கலவாய் மீன்.

அன்றைக்கு வேலையாட்கள் தங்கும் கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் குழம்பு ஊற்றினாள். தன் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியைப் பற்றிக் கேட்டவர்களிடம், “மீன் இழுத்துருச்சு” என்றாள். நான் விழுந்ததைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்த ஓய்வு நாளில் தூண்டிலை அவளே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.