பாட்டில் இருந்த செவ்வாய்

அக்காலத்தில் நான் யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் உயர்வகுப்புக் கணித ஆசிரியன். முறைப்படி சங்கீதம் பயின்றவன். என் கீர்த்தனைகள் வானொலியிலும் ஒலித்திருந்தன. அவற்றின் பொருளை விளக்குமாறு அதுவரை எவரும் என்னைக் கேட்டதில்லை.

1956இல் செவ்வாய் பூமிக்கு அண்மையில் வந்தது. விண்மீன்களிடையே கிழக்கு நோக்கிச் சென்ற அக்கிரகம் தயங்கி நின்று, மேற்கே திரும்பி, மீண்டும் கிழக்கே நடந்ததை வாரக்கணக்கில் கவனித்தேன். வான நூலில் இதற்கு வக்கிரம் என்று பெயர். ஏறும்போது ஒரு படி பின்வாங்கி மீண்டும் ஏறும் இராகத்தையும் நாம் வக்கிர இராகம் என்றே சொல்கிறோம். இரண்டையும் இணைத்து, அத்தகைய இராகமான சகானாவில் ஒரு கீர்த்தனை அமைத்து, ‘செவ்வாய் வக்கிரம்’ எனப் பெயரிட்டேன்.

என் மாணவி யோகேஸ்வரி அதைக் கல்லூரி மண்டபத்தில் பாட இருந்தாள். முதல்நாள் மாலை, மானிப்பாயில் கிளாக்கராக இருந்த அவளுடைய தகப்பனார் சைக்கிளில் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்கக் கச்சேரிக்கு வருகிறார்களாம். சாதகம் இன்னும் கைமாறவில்லை. பாட்டின் பெயரைக் கேட்டு, பெண்ணுக்கு இல்லாத செவ்வாய்க் குற்றத்தை அவர்கள் இருப்பதாக எண்ணிவிடுவார்களென அஞ்சினார்.

“உந்தச் செவ்வாயை எடுத்துப்போட்டு வியாழன் எண்டு வையுங்கோவன், மாஸ்டர். குரு பார்வை எண்டால் ஆரும் ஒண்டும் சொல்லமாட்டினம்.”

வியாழனும் வக்கிரம் அடையும். ஆயினும் அதன் நடை மந்தமானது. செவ்வாயின் நடைக்கு எழுதிய சுரங்களுக்கு வேறு கிரகத்தின் பெயரைச் சூட்ட நான் உடன்படவில்லை.

மறுநாள் பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் தாயார் முகமலர்ச்சியோடு எங்களிடம் வந்தார்.

“பிள்ளைக்குச் செவ்வாய் எண்டு மறைக்காமல் மேடையிலையே சொல்லிப்போட்டியள். எங்கடை மகனுக்கும் செவ்வாய்தான். இனிப் பொருத்தம் பாக்க என்ன கிடக்கு?”

பொய்யின்மேல் ஒரு சம்பந்தம் அமைவதை நான் அனுமதிக்க இயலாது.

“பிள்ளையின்ரை சாதகத்திலை செவ்வாய்க் குற்றம் இல்லை, அம்மா. செவ்வாய் பாட்டிலைதான் இருக்குது.”

அவர் திகைத்தார். நான் வக்கிரகதியை விளக்கினேன். “வக்கிரச் செவ்வாயோ? அது இன்னும் பொல்லாததெல்லே” என்றார். விளக்க விளக்க நிலைமை மோசமாகியது. யோகேஸ்வரி தம்புராவைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றாள்.

அப்போது, தாயாரின் பின்னால் நின்ற மாப்பிள்ளை சொன்னார்: “பாட்டிலை இருக்கிற செவ்வாய் காணும், அம்மா. எனக்கு அது போதும்.”

அவர் சிரிக்கவில்லை. அது பகிடியா, நம்பிக்கையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. யோகேஸ்வரி மட்டும் சிரித்தாள். தாயார் சற்று யோசித்து, “ஓம், அதுவும் சரிதான்” என்றார். எது சரி என்று எனக்கு விளங்கவில்லை. தை மாதத்தில் திருமணம் நடந்தது.

அதன்பின் கோப்பாயிலிருந்தும் உடுப்பிட்டியிலிருந்தும் பெண்ணைப் பெற்றவர்கள் என்னைத் தேடி வரலாயினர். “எத்தினை செவ்வாய்க்கிழமை பாடவேணும், மாஸ்டர்?” என்று ஒருவர் கேட்டார். தாளம் தப்பாமல் பாடினால் ஒருமுறை போதும் என்றேன். அவர் அதை விரதவிதிபோல் ஏற்றுக்கொண்டு போனார்.

பாட்டின் பெயர் பாட்டைவிடத் தூரம் போகும் என்பதை இசையமைக்க வரும் இளையோர் அறிந்திருத்தல் நன்று.

என் கீர்த்தனை செவ்வாய்க் குற்றம் நீக்கும் பரிகாரப் பாடல் என்று அண்மையில் ஒரு சஞ்சிகை எழுதியிருந்தது. அது பரிகாரப் பாடல் அன்று. யோகேஸ்வரிக்குச் செவ்வாய்க் குற்றம் இருந்ததுமில்லை.