நாக்கில் கரைந்த மாத்திரை

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடத்தை நான் தூங்கிக்கொண்டே கழித்தேன். சயான் ஸ்டேஷனில் லேடீஸ் பெட்டியில் ஏறி, கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவேன். ஆபீஸில் டைப் அடிக்கும்போது விரல்கள் மரத்துப்போகும். மே மாதத்தில் பம்பாயே வெந்துகொண்டிருக்கும்போது எனக்கு மட்டும் குளிரும். தாராவியில் எங்கள் ஒற்றை அறைக்குத் திரும்பி ஸ்டவ்வைப் பற்றவைப்பதற்குள் உயிர் போய் வரும். அம்மா இல்லாத வீடு, சமையல் என் தலையில்.

மாதுங்கா டாக்டர், தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லி, தினமும் வெறும் வயிற்றில் விழுங்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். முதல் மூன்று மாதம் தேறினேன். பிறகு மறுபடி பழைய கதை. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒழுங்கா சாப்பிடறேளா, இல்லையா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள்கூட விட்டதில்லை என்றேன். தினம் இரண்டு மாத்திரை என்று கூட்டி, "அளவு மிஞ்சினா கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், அப்படின்னா உடனே வாங்கோ" என்றார். அப்போதும் தேறவில்லை. அப்பா என் வியாதிக்கு வைத்த பெயர் சோம்பேறித்தனம்.

அதே மாதங்களில் தம்பி இளைத்துக்கொண்டு வந்தான். அவன் ஓர் உஸ்தாதிடம் பயிற்சி எடுத்துப் பளு தூக்குபவன். ரயில்வேயில் விளையாட்டுக்காரர்களை வேலைக்கு எடுக்கப்போகிறார்கள் என்றும், அறுபது கிலோ பிரிவில் ஓர் இடம் காலி என்றும் தெரிந்திருந்தது. அவன் இருந்ததோ அறுபத்து நாலு. அந்த வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸும் கிடைக்கும். நான் ஆபீஸை விட்டுவிட்டு ஒரு மாதம் படுத்துக் கிடக்கலாம். அவனைவிட எனக்குத்தான் அந்த வேலைமேல் ஆசை.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தபோது ஒரு காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. குடமும் காலி. மாத்திரைகளை வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று எழுந்தேன். வாசலைத் தாண்டுவதற்குள் நாக்கு இனித்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. அவர் டீயில் போடுகிற சாக்கரினும் இதே மாதிரி வெள்ளையாக, பொடிசாக இருக்கும்.

பாட்டிலைப் பேப்பரில் கவிழ்த்து, ஒவ்வொன்றாக நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். முக்கால்வாசி இனித்தது. அப்பா வெளியே போயிருந்தார். தம்பி பாயில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை நடுங்கிக்கொண்டிருந்ததை அன்றுதான் கவனித்தேன்.

"உஸ்தாத் சொன்னாருக்கா. இதத் தின்னா எடை கடகடன்னு எறங்கும்னாரு. கடைக்காரன் டாக்டர் சீட்டு கேக்கான்."

"அப்போ எனக்கு?"

"நீ எப்பவும் போலதான இருந்த. ஒனக்கு ஒண்ணும் ஆவலன்னு நெனச்சேன்."

அறையத்தான் கையை ஓங்கினேன். அதற்கும் தெம்பில்லை. "மூணு நாளுதாங்க்கா. அப்பாட்ட சொல்லிராத" என்றான். இனிக்காத மாத்திரைகளைப் பொறுக்கி என் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டேன். இனித்தவற்றை வேறு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

தேர்வில் எடை சரியாக இருந்தது. தூக்கத்தான் முடியவில்லை. மூன்று தடவையும் கம்பி நெஞ்சுக்கு வருவதற்குள் கை வெடவெடத்துக் கீழே போட்டுவிட்டானாம். நெஞ்சு படபடவென்று அடித்தது பனியனுக்கு மேலே தெரிந்ததாம். கூடப் போயிருந்த அப்பா, செருப்பைக் கழற்றும் முன்பே என்னிடம் ஆரம்பித்தார்.

"புள்ளைக்கு ஒரு வேளையாவது நேரத்துக்குப் பொங்கிப் போட்டியாட்டி? நீ சோம்பிக் கெடந்து கெடந்து, அவன் தெம்பத்துப் போயிட்டான்லா."

நான் தம்பியைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறப்பான் என்று நம்பினேன். அவன் அப்பாவுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

"அந்தச் சாக்கரின எங்கக்கா வச்சிருக்க?" என்றான், தலையைத் தூக்காமல்.

எழுந்து போய் எடுத்துக் கொடுத்தேன்.