திரையின் முதல் வரி

போர்க்காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நானும் நண்பன் செல்வனும் ஒரு கணினிக் கடை வைத்திருந்தோம். லினக்ஸ் என்ற இயங்குதளத்தை அதன் மூலநிரலில் இருந்து நாங்களே கட்டியெழுப்ப வேண்டும் என்பது அவனுடைய பைத்தியம். எங்கள் பழைய இயந்திரத்தில் அந்த வேலை நாள் கணக்காக ஓடியது. மின்சாரம் போனால் பக்கத்து ஐஸ்கடை ஜெனரேட்டரில் இருந்து வயர் இழுப்போம்.

கடைசிக் கட்டத்தை ஓட விட்ட காலையில், செல்வன் தன் ஊரான இலங்கைத்துறைப் பக்கம் ஷெல் விழுவதாகக் கேள்விப்பட்டான்.

“அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன். முடிஞ்சாலும் நீ போட்டுப் பார்க்காதை. ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்பம்.”

“ஓம், கெதியா வா” என்றேன், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

பின்னேரமே வேலை முடிந்துவிட்டது. ஆமிக்காரர் பாதையையும் பூட்டிவிட்டார்கள். அவன் வரவில்லை, தாயும் வரவில்லை. இடம்பெயர்ந்து வந்தவர்களிடம் எல்லாம் விசாரித்தேன். ஒருவரும் கண்டதாகச் சொல்லவில்லை.

மாதங்கள் கழித்துத் தனியே போட்டுப் பார்த்தேன். தொடங்கும்போது, கட்டியவரின் பெயரை முதல் வரியில் காட்டுவது லினக்ஸின் வழக்கம் என்பதை மறந்தே போயிருந்தேன். செல்வன் என்று வந்தது. மற்ற வரிகள் அதை மேலே தள்ளிக்கொண்டு போய்விட்டன. நிறுத்திவிட்டு மறுபடியும் போட்டேன்.

“இந்தப் பழசை இன்னும் வைச்சிருக்கிறீங்களே அண்ணை?” என்று கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். வேலை செய்யுதுதானே என்று சொல்லிவிடுவேன்.

புதிதாகக் கட்டினால் அந்த வரியில் என் பெயர் வந்துவிடும்.