தங்கூசி முடியத் தெரியாதவன்

சுவிஸ் மலைநகரமான டாவோஸிலிருந்து ரயிலில் கீழே இறங்கினால் சில தரிப்பிடங்களுக்கு அப்பால் அந்த ஆறு. ஆறு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அகலம் ஒரு மாட்டுவண்டி போகும் எங்கள் ஊர் ஒழுங்கை அளவு. ஆழம் முழங்கால், சில இடங்களில் இடுப்பு. இரண்டு கரையிலும் பற்றை மரங்கள் தலையை முட்டிக்கொண்டு நின்றன. பனிக்காலத்தில் சரிந்த ஊசியிலை மரங்களை யாரும் அகற்றுவதில்லை, அவை குறுக்கே கிடந்து அழுகின. மிச்ச இடத்தைப் பாறைகள் பிடித்திருந்தன. இதற்குள் நின்றுதான் மூன்று வளர்ந்த மனிதர்கள் கோடைகாலத் திங்கட்கிழமைகளில் ஒரு சாண் மீனுக்காக மாரடித்தோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை எங்கள் உணவகத்துக்கு ஓய்வுநாள். எங்களுடைய செஃப் ஒரு சுவிஸ்காரர், பெரிய உடம்பு, சமையலறையில் சட்டி பறக்கும். ஆற்றங்கரையில் அதே மனிதர் பூனை மாதிரி நடப்பார். ஃபொரெல்லே என்று அங்கே சொல்லும் ட்ரவுட் மீன்தான் அவருக்குப் பைத்தியம். புழுவும் இரையும் அவருக்கு ஆகாது. கொக்கியில் இறகும் மயிரும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சியைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டு, மீனை ஏமாற்றிப் பிடிக்க வேண்டும். ஏமாந்த மீன் அளவில் சிறியது என்றால் மன்னிப்புக் கேட்பது போல் திரும்ப விடவும் வேண்டும்.

அவர் கூட்டிப்போனது என்னையும் அண்ணையையும். அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. என்னைவிட எட்டு வயது மூத்தவர், அதே சமையலறையில் காய்கறி வெட்டுபவர், என் அறைத்தோழர். நான் அகதியாக வந்து முகாமில் சும்மா கிடந்தபோது செஃப்பிடம் கெஞ்சி எனக்கு வேலை எடுத்துத் தந்தவர். முதல் குளிருக்குத் தன்னுடைய ஜக்கெட்டைத் தந்தவர். நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வராமல் போகலாம்.

முதல் நாளே அவர் என்னைக் கேட்டார்: "ஊரில உமக்கு எவடம்?"

யாழ்ப்பாணத்து ஆள் இன்னொரு யாழ்ப்பாணத்து ஆளிடம் இதைக் கேட்டால், வீட்டு விலாசம் எழுதிக்கொள்ளக் கேட்பதில்லை. எந்த ஊர், எந்தக் குறிச்சி, எந்தக் கோயிலடி என்று மூன்று கேள்வியில் சாதிக்கு வந்துவிடலாம். எங்கள் ஆட்கள் கடல்தொழில் செய்பவர்கள். அண்ணையின் ஆட்கள் தோட்டமும் வயலும் அரசாங்க உத்தியோகமும். ஒரே மொழி, ஒரே சாமி, ஒரே சண்டையில் ஓடிவந்தவர்கள். ஆனாலும் பெண் கொடுத்து எடுப்பது கிடையாது.

"பருத்தித்துறைப் பக்கம்" என்றேன். படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன், அது நல்ல பள்ளிக்கூடம். அப்பா என்ன செய்தவர் என்றார். "சங்கத்தில இருந்தவர்" என்றேன். பொய் இல்லை. அப்பா மீன்பிடிச் சங்கத்தில் உறுப்பினர். அண்ணை கூட்டுறவுச் சங்க மனேச்சர் என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

இந்த அரைப்பொய் அப்படியே கிடந்து செத்திருக்கும், அவருக்கு ஒரு தங்கை இல்லாமல் இருந்தால். அவர்களுடைய ஊரை இலங்கை ஆமி பிடித்துச் சனத்தை எழுப்பிவிட, வீட்டார் கொழும்பில் ஓர் அறையில் இருந்தார்கள். ஒருநாள் தபால் கந்தோரில் இருந்து கொழும்புக்குப் பேசிக்கொண்டிருந்த அண்ணை, "இந்தா, இதில பெடியன் நிக்கிறார்" என்று ரிசீவரை என் கையில் தந்துவிட்டார். "அங்க சரியான குளிரோ?" என்று மறுமுனையில் தங்கை கேட்டாள். நான் "ஓம்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அந்த "ஓம்"முக்குப் பதிலாகச் சொல்லியிருக்கக்கூடிய நல்ல பதில்களை ஒரு கிழமை, ஏழு நாளும், சட்டி தேய்த்தபடி யோசித்தேன். பிறகு அண்ணை அவளுடைய படத்தையும் காட்டினார். "வீட்டுக்கு உம்மைப்பற்றி எழுதியிருக்கிறன்" என்றார். எனக்கு அவளைக் கட்ட வேண்டும் என்ற ஆசை அதற்கு முன்பே வந்திருந்தது. அந்த ஆசைக்காக நான் மீனவனின் மகன் இல்லாமல் இருக்க வேண்டியிருந்தது.

ஆற்றில் அது லேசான காரியமில்லை.

அப்படிப்பட்ட இடத்தில் தடியைத் தலைக்குமேல் சுழற்றி எறிய முடியாது. பின்னால் மரம், மேலே மரம். செஃப் இன்னொரு வழி காட்டினார். பூச்சியை இடது கையில் பிடித்து இழுத்துத் தடியை வில்லாக வளைத்து, கொப்புகளுக்கு அடியால் அம்பு விடுவது போல் விட வேண்டும். அண்ணை விட்டால் அது நேரே மரத்துக்குப் போகும். இழுத்தால் நூல் அறும். நூல் அறுந்தால் புதுப் பூச்சியை நூல் நுனியில் முடிச்சுப் போட்டு முடிய வேண்டும். ஒரு மத்தியானத்தில் பதினைந்து இருபது தடவை இது நடக்கும்.

அந்த நூல் தங்கூசி. நைலோன் நரம்பை எங்கள் கரையில் அப்படித்தான் சொல்வோம். அதை முடிய நான் ஆறு வயதில் பழகினேன். வீட்டில் எல்லோரும் வட்டமாக இருந்து, நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களை முடிவோம், கதைத்தபடி, கையைப் பார்க்காமலே. இங்கே செஃப் தன் தடித்த விரல்களால் மெதுவாகச் சுற்றிக் காட்ட, நான் வாயைப் பிளந்து பார்த்தேன். மூன்று திங்கட்கிழமை பழகினேன். வேண்டுமென்றே பிழையாகச் சுற்றினேன், கழன்று போனதும் தலையைச் சொறிந்தேன். அண்ணை சிரித்தார். "உமக்குக் கை வழங்காது தம்பி. இது படிச்ச ஆக்கள் செய்யிற ஸ்போர்ட். இஞ்ச டொக்டர்மார்தான் இப்பிடிப் பிடிக்கிறவை" என்றார். அவர் புதுத் தடி வாங்கி, அதோடு படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார். மீன் பிடிப்பது இங்கே கௌரவம், அங்கே பிறப்பு. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

கோடை முடியும் தறுவாயில் ஒரு திங்கள், அண்ணைக்கு ஒரு பெரிய மீன் பட்டது. விழுந்து கிடந்த மரத்துக்கு அடியில் இருந்து வந்து பூச்சியை எடுத்த மீன், திரும்ப மரத்துக்கு அடியிலேயே ஓடியது. நூல் ஒரு கொப்பைச் சுற்றி இறுகிவிட்டது. மீன் அந்தப் பக்கம் துள்ளுகிறது, அண்ணை இந்தப் பக்கம் தடியோடு நின்று கத்துகிறார். இழுத்தால் அறும், விட்டால் போகும். செஃப் தூரத்தில் நின்றார்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கரையிலேயே நின்றிருப்பேன். இடுப்பளவு தண்ணீருக்குள் பாய்ந்து, மரத்துக்கு அடியால் கையை விட்டு, மீன் பக்கத்து நூலை இடது உள்ளங்கையில் சுற்றிக்கொண்டேன். கொப்படியில் பல்லால் கடித்து அறுத்தேன். தடி பக்கத்து நுனியை இழுத்தெடுத்து இரண்டையும் சேர்த்து முடிந்தேன். வாயால் ஈரமாக்கி இறுக்கிவிட்டு "இப்ப இழுங்கோ அண்ணை!" என்றேன். எல்லாம் மூன்று மூச்சு நேரம். மீன் கரைக்கு வந்தது. அந்த வருடம் நாங்கள் பிடித்ததில் அதுதான் பெரிது.

செஃப் ஓடி வந்து முதலில் மீனைப் பார்த்தார், பிறகு நூலைப் பிடித்து முடிச்சைப் பார்த்தார். இதை எங்கே பழகினாய் என்று கேட்டார்.

"நீங்கள் காட்டித் தந்ததுதான்" என்றேன்.

"இது எனக்கே தெரியாத முடிச்சு" என்றார் அவர்.

அண்ணை மீனைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் ரயிலில் அண்ணை எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு தரிப்பிடம் தாண்டியதும் கேட்டார்: "கொப்பர் என்ன சங்கத்தில இருந்தவர்?"

"அப்பா மீன்பிடிச் சங்கம்."

"ஓ" என்றார். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் என்னை ஏசவில்லை, அறையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அடுத்த நாளும் இரண்டு பேரும் ஒரே சட்டியில் சமைத்துத்தான் சாப்பிட்டோம். அலுமாரியில் இருந்த தங்கையின் படம் மட்டும் அவருடைய சூட்கேசுக்குள் போனது. அந்தப் பனிக்காலம் அவளுக்குக் கனடாவில், ரொறன்ரோவில் ஒரு மாப்பிள்ளை சரிவந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அண்ணை எனக்கும் பலகாரம் தந்தார். சாப்பிட்டேன். அவரைவிட என்மீதுதான் அதிகம் வெறுப்பு வந்தது. முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

அடுத்த கோடையிலும் செஃப் கூப்பிட்டார், இரண்டு பேரும் போனோம். முதல் வீச்சிலேயே அண்ணையின் பூச்சி மரத்தில் ஏறி அறுந்தது. அவர் தன் கையால் முடிச்சுப் போட முயலவே இல்லை. நுனியை என்னிடம் நீட்டினார்.

"முடிஞ்சு தா."

முடிந்து கொடுத்தேன். அடுத்ததும் அறுந்தது, அதையும் கொடுத்தேன். மூன்று திங்கட்கிழமை இப்படிப் போயிற்று. ஊரில் அவருடைய ஆட்கள் எங்கள் கரைக்கு மீன் வாங்க வரும்போது நிற்கும் அதே நிற்பு, அதே குரல். அவருக்கே அது தெரிந்திருக்காது. நான்காவது திங்கள் நான் கையை நீட்டவில்லை.

"உங்கட வீட்டில பொம்பிளை எடுக்க எனக்குத் தகுதி இல்லை. இதுக்கு மட்டும் என்ர கை வேணுமோ?"

அவர் முகம் கறுத்தது. செஃப் மேலே எங்கோ மரங்களுக்குள் இருந்தார். "எனக்கு அதில ஒண்டும் இல்லையடா தம்பி" என்றார் அண்ணை. "ஊர்ச்சனம் என்ன கதைக்கும் எண்டு நீயே நினைச்சுப் பார்."

"உங்கட ஊரில சனம் ஒண்டும் இல்லை அண்ணை. ஆமி மட்டும்தான் இருக்கு. ஆமியோ கதைக்கப்போகுது?"

அவர் நூலைத் தானே எடுத்து, செஃப் காட்டிய மாதிரி ஐந்து சுற்றுச் சுற்றி இழுத்தார். கழன்றது. மறுபடி சுற்றினார், மறுபடி கழன்றது. பக்கத்தில் நிற்க என் விரல்கள் துடித்தன, ஆனாலும் உதவவில்லை. நான்காவது தடவை அவருடைய கை நின்றுவிட்டது. தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்:

"அவள் கலியாணத்துக்கு முதல் உன்னைப்பற்றி இரண்டுதரம் விசாரிச்சவள். அந்தப் பெடியன்ர கதை என்னாச்சு எண்டு."

நான் கரையேறி ரயில் நிலையம்வரை தனியே நடந்தேன். அந்த இலையுதிர்காலம் கீழே கூர் என்ற நகரத்தில் வேறு வேலை கிடைத்துப் போனேன். வயதாகி யோசித்துப் பார்க்கையில் அவர் பக்கத்து நியாயங்களும் எனக்கு விளங்கின. படத்தை எடுத்து ஒளித்ததையும், பலகாரம் தந்ததையும், நூலை நீட்டியதையும் மன்னித்துவிட்டேன். அவள் கேட்டாள் என்று என்னிடம் சொன்னதை மட்டும் மன்னிக்கவில்லை.