பாலைப்பழம் பொறுக்கியவள்

ஒன்பது வயதில் நான் யானைகளுக்கு எதிராக ஒரு சட்டப் புத்தகமே வைத்திருந்தேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகக் கூடாது, யானைக்கு மணக்கும். பையில் வாழைப்பழம் கூடாது. ரொட்டி கூடாது. பூ வைக்கக் கூடாது. வழியில் சிரிக்கவும் கூடாது. கடைசிச் சட்டத்தை எங்கிருந்து பிடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் கடைப்பிடித்த ஒருத்தி இருந்தாள். அவள் என் வகுப்புத் தனலெட்சுமி.

சட்டங்கள் பிறந்தது அப்பாவின் செத்தவீட்டில். சிறுபோக வயலில் காவல் இருந்துவிட்டு விடியற்காலையில் சைக்கிளில் வந்தவரை, எங்கள் வீட்டுக்குத் திரும்பும் முடக்கில் யானை அடித்துவிட்டது. சைக்கிளில் ஒரு பை பாலைப்பழம் தொங்கியதாம். "பழ மணத்துக்குத்தான் வந்திருக்கு," என்றார் பந்தலுக்குள் இருந்த ஒருவர். மற்றவர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். முதல்நாள் பின்னேரம் அவர் வயலுக்குப் புறப்பட்டபோது, சைக்கிள் கரியரைப் பிடித்துக்கொண்டு பாலைப்பழம் வேண்டும் என்று அடம்பிடித்தது நான். அது அப்பாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு என்னால் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு வாசல் படலை வரை போவேன். அங்கே கால் நின்றுவிடும். அம்மா முதலில் கெஞ்சினார், பிறகு அடித்தார், பிறகு என்னோடு சேர்ந்து தானும் அழுதார்.

பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரை மைல். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் காடு. தனலெட்சுமியின் வீடு பள்ளிக்கூடத்தை ஒட்டி, மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் குடியிருப்பில் இருந்தது. எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர்கள். மலையகத்து ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவோம், கலியாணத்துக்குக் கூப்பிட மாட்டோம். வகுப்பில் நானும் அவளோடு கதைத்தது கிடையாது. ரீச்சர் ஒருநாள், என்னைப் பார்த்துவரச் சொல்லி அவளை அனுப்பினார். படலைக்கு வெளியே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் காட்டுப் பக்கமா நடக்கிறேன். நீ வாய்க்கால் பக்கமா வா," என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த பத்து மாதமும் காலையில் வந்து என்னைக் கூட்டிப்போனாள், பள்ளி விட்டதும் கொண்டுவந்து விட்டாள். நான் தினமும் படலையில் வைத்து அவள் தலையை மோந்து பார்ப்பேன், பையைக் கிளறுவேன். ஒருநாள் பாதி ரொட்டி அகப்பட்டது. "இங்கயே தின்னுடுறேன்," என்று நின்ற நிலையில் விழுங்கி, எங்கள் கிணற்றடியில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். வழி நெடுகிலும் அப்பாவைப் பற்றி நான் சொல்லச் சொல்லக் கேட்பாள். அப்பாவுக்குப் பாலைப்பழம் என்றால் உயிர் என்றும் ஒருநாள் சொன்னேன். கரியரைப் பிடித்து அடம்பிடித்த கதையை மட்டும் அவளுக்கும் சொல்லவில்லை.

ஆண்டுத்திவசத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அப்பாவின் படத்துக்கு முன்னால் தலைவாழையிலை போட்டு, அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்துக்கொண்டிருந்தோம். படலையில் தனலெட்சுமி நின்றாள். அன்று சனிக்கிழமை, நான் அவளை வரச் சொல்லவும் இல்லை. கையில் ஒரு சொப்பிங் பை. பை நிறையப் பாலைப்பழம்.

"ஒங்க அப்பாவுக்குப் படைக்க," என்றாள்.

அந்த மணம் மூக்கில் ஏறியது. இவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, இத்தனை பேருக்கு முன்னால் சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். பையைப் பறித்து எறிந்தேன்.

"உந்தப் பழத்தை ஏன் கொண்டுவந்தனி? யானையைக் கூட்டிக்கொண்டு வரவோ? உனக்கென்ன, உன்ரை அப்பா வீட்டிலை இருக்கிறார்."

பை வேலிக் கம்பியில் கிழிந்து, பழங்கள் படலைக்கு வெளியே வீதியெல்லாம் சிதறின. அவள் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாவாடை மடிக்குள் போட்டாள். புல்லுக்குள் உருண்டதையும் தேடி எடுத்தாள். நசிந்ததைக்கூட விரலால் வழித்து எடுத்தாள்.

"பாவம், கொண்டுவந்ததையே திருப்பிப் பொறுக்கிக்கொண்டு போகுது," என்றார் பெரியம்மா. யாரோ சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. இப்படியொரு பழத்தாசை பிடித்தவளையா சினேகிதி என்று வைத்திருந்தேன் என்று நினைத்தேன். அவள் மடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. மணி அடிக்கும் நேரம் தாண்டும்வரை படலையில் நின்றேன். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. அந்த வாரமே பெரியம்மா என்னைத் தன்னோடு யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய் அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியது அவள்தான் என்று அங்கேயும் கொஞ்சக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒட்டுசுட்டானில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, தனலெட்சுமியின் தாய் என்னை அடையாளம் கண்டு கிட்ட வந்தார். மகள் கிளிநொச்சியில் தையல் வேலை செய்கிறாளாம், இரண்டு பிள்ளைகளாம்.

"அப்பான்ரை திவசத்தண்டைக்கு நான் அவளைக் கண்டபடி ஏசிப்போட்டன் அம்மா," என்றேன்.

அவர் சிரித்தார். "அது சின்னதுல சரியான பயந்தாங்கொள்ளி, பிள்ள. ஒங்கள வீட்ல விட்டுட்டு ஒரே ஓட்டமா ஓடியாந்துதான் நிக்கும். அன்னைக்கு மடி நெறையப் பழம், ஓடவும் முடியல, நடந்தே வந்திருக்கு. எதுக்குடி இதத் தூக்கிக்கிட்டுக் காட்டு வழியா வந்தேன்னு ரெண்டு போட்டேன். பழம் ஒங்க வாசல்ல கெடந்தா மணத்துக்கு யானை வந்துரும், ஒங்களுக்குப் பயம்னு சொல்லுச்சு."

பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. அவளுடைய போன் இலக்கத்தை அந்த அம்மா என் கைப்பேசியில் பதிந்து தந்துவிட்டுப் போனார். இன்னும் அவளுக்கு அழைப்பு எடுக்கவில்லை. எடுத்தால் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

பத்து மாதம் அவள் என்னைப் படலையில் விட்டுவிட்டுப் போனாள். எந்த வழியால் வீட்டுக்குப் போகிறாள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இருந்தது ஒரே ஒரு வீதிதான்.