வேலிக்கு அப்பால் விழுந்த பிடி

பலெர்மோவில் வாரத்தின் ஆறு நாட்களும் நான் ‘ரகாட்ஸா’. பெட்டை, சின்னப் பெண் என்று அர்த்தம். எசமானியம்மா சின்யோராவின் வீட்டில் தரை துடைக்கும்போதும், உடுப்புகளை மடிக்கும்போதும், தொலைபேசியில் யாரோ கேட்டு “ரகாட்ஸா வந்திருக்கிறாள்” என்று அவர் பதில் சொல்லும்போதும் அதுதான் என் பெயர். வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு மாத்திரம் நான் ‘ப்ரொபெசொரேஸ்ஸா’, வாத்தியாரம்மா, ஆகிவிடுவேன். இந்த ஊரில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. மற்றப் பெண்கள் பொலித்தியாமா சதுக்கத்தில் கூடியிருந்து கதைப்பார்கள். நான் அவர்களைத் தாண்டி போர்கோ வெக்கியோவுக்கு, சின்யோராவின் தகப்பன் நீனோவின் வீட்டுக்கு நடப்பேன். அங்கே இரண்டு கிழவர்கள் சண்டை பிடிப்பதற்காக என் வரவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சண்டை பேஸ்போல் பற்றியது. ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்த ஆட்டத்தை எப்படிச் சொல்வதென்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு போலிருக்கும், ஆனால் கிட்டப் போனால் முகம் வேறு. அதிலும் எல்லையோரம் மூன்று பேர் நிற்பார்கள். உயர அடித்த பந்தை ஓடிப் பிடிப்பதும் தூரத்திலிருந்து எறிவதும் அவர்கள் வேலை. இந்தக் காலத்தில் அப்படி நிற்பவர்களில் ஆகச் சிறந்தவர் யார் என்பதே வழக்கு. பலெர்மோ முழுவதும் உதைபந்தாட்டத்துக்குப் பைத்தியம் பிடித்திருக்க, இந்த இரண்டு பேர் மட்டும் கடலுக்கு அப்பால் நடக்கும் ஒரு ஆட்டத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். சின்யோர் நீனோ முப்பது வருடம் புரூக்ளின் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. இப்போது கண்ணிலும் படலம். அவருடைய சிநேகிதர் டொன் கார்மெலோ பொஸ்டனில் பேக்கரியொன்றில் பாண் சுட்டவர். வாராவாரம் பகேரியாவிலிருந்து ரயிலேறி வருவார். அவருக்கு இத்தாலியம் வாசிக்கத் தெரியும், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

ஆங்கிலம் வாசிக்கிறவள் நான். நீனோவின் மகன் அமெரிக்காவிலிருந்து பத்திரிகைத் துண்டுகளை வெட்டி அனுப்புவார். ஒருமுறை நீனோவின் வீட்டில் தூசு தட்டப் போன இடத்தில் அதில் ஒன்றை நின்றபடி வாசித்துக்கொண்டிருந்தபோது சின்யோரா கண்டுவிட்டார். ஏச்சு விழும் என்று நினைத்தேன்; கதிரையைக் காட்டி, தகப்பனுக்கு வாசித்துச் சொல்லச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியை முதலில் மிதித்தவள் நான். கையெழுத்துக் கேட்ட இடத்தில் எல்லாம் அப்பா பெருவிரலைத்தான் நீட்டுவார். நான் உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள். அந்தப் படிப்பு மொப்புத் தடியோடு மூலையில் நிற்கப் பிறந்ததல்ல என்று ரகசியமாகக் கோபித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கதிரை சும்மா கதிரை அல்ல.

முதல் சில மாதங்கள் எதுவும் விளங்கவில்லை. ‘இந்தக் காலம்’ எப்போது தொடங்குகிறது என்பதிலேயே அவர்கள் ஒத்துவரவில்லை. நீனோ தான் நியூயோர்க்கில் கப்பலால் இறங்கிய நாளிலிருந்து என்றார். கார்மெலோ ஏழு வருடம் பிந்தி இறங்கியவர். ஆகவே அவருக்கு ஏழு வருடம் பிந்தித்தான் இந்தக் காலம் பிறந்தது. செத்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று மட்டும் ஒப்பந்தம். ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். போர்கோ வெக்கியோவில் எல்லாருக்கும் பட்டப்பெயர் இருப்பதுபோல, முகமே காணாத அந்த அமெரிக்கர்களுக்கும் வைத்திருந்தார்கள். நீனோவின் ஆள் மீனவன்: வலது ஓரத்தில் நிற்பவன், பந்தை வலை வீசியதுபோல அள்ளுவான், வேலியடியிலிருந்து, ஓடுகிறவன் தொட வேண்டிய மூன்றாம் தளத்துக்கு நேர்கோடாக எறிவான். கார்மெலோவின் ஆள் பாதிரி: நடுவில் நிற்பவன், பூசையில் நிற்பதுபோல வானத்தைப் பார்ப்பான், அடி விழுமுன்னமே ஓடத் தொடங்குவான்.

“நல்லா எறியிறவன் எண்டால், நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தவன் எண்டு அர்த்தம்,” என்பார் கார்மெலோ.

“அவ்வளவு ஓடுறான் எண்டால், பிழையான இடத்திலை நிண்டவன்,” என்பார் நீனோ.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு பெரிய ஆட்டத்தின் துண்டு வந்தது. கடைசி இன்னிங்ஸ். மீனவனின் அணி மயிரிழையில் முன்னே. உயரப் போன பந்தை மீனவன் துள்ளிப் பிடித்து, கையுறைக்குள் பந்தோடு, தாழ்வான வேலிக்கு மேலால் சனங்களுக்குள் விழுந்தான், ஆட்டம் முடிந்தது என்று எழுதியிருந்தது. வென்றார்களா தோற்றார்களா என்று அந்தத் துண்டில் இல்லை. மீதியைக் கத்தரிக்கோல் எடுத்திருந்தது. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. ஊரில் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு ஓட்டப் பதிவு எழுதியவள் நான். என் மேசை எல்லைக் கோட்டடியில் இருக்கும். ஒருமுறை என் சொந்த அண்ணன் பந்தைப் பிடித்துவிட்டுக் குதிக்காலால் கோட்டை மிதித்தான். நடுவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மிதித்தவன் என்றேன். ஆறு ஓட்டம், எங்கள் பக்கம் தோல்வி. அண்ணன் மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்பா பதிவுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பிள்ளை எழுதினால் சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

ஆகவே சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து நேரத்தை வீணாக்காமல், படித்தவள் சொல்வதுபோலச் சுருக்கமாகச் சொன்னேன்: பந்து வேலிக்கு அப்பால் போய்விட்டது, ஹோம் ரன், மீனவன் தோற்றான்.

கார்மெலோ எழுந்து ஆடவே தொடங்கிவிட்டார். “உன்ரை மீனவன் கடலுக்கை விழுந்திட்டான், நீனோ.” அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “முப்பது வருசம் அங்கை இருந்தும் உனக்கு ஒரு ஆட்டமும் விளங்கேல்லை. விளங்கவும் மாட்டுது. நீ மூட்டைதானே சுமந்தனீ.”

நீனோ தடவித் தடவிப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கார்மெலோ போனார். அடுத்த வியாழன் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. நீனோ துண்டுகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. தன் அப்பா சரியாகச் சாப்பிடுகிறார் இல்லை, இந்த வாசிப்பை நிறுத்திவிட்டு வியாழனும் இங்கேயே வரலாமே என்றார் சின்யோரா. ‘ப்ரொபெசொரேஸ்ஸா’ என்பது எவ்வளவு மெல்லிய சொல் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் வாரம் பத்திரிகைத் துண்டுகளின் புதிய கட்டு வந்தது. மேலே ஒரு படம்: வேலிக்கு அந்தப் பக்கம் மல்லாக்க விழுந்து கிடக்கிறான் மீனவன், கையுறை மட்டும் உயர நிற்கிறது. அணியை வெல்ல வைத்த பிடி என்று கீழே எழுதியிருந்தது. நான் நாலு தரம் வாசித்தேன். கோட்டுக்கு அப்பால் விழுந்தவன் எப்படி வெல்ல முடியும்? மற்றத் துண்டுகளையும் கிளறிப் பார்த்த பிறகே பிடிபட்டது. இந்த ஆட்டத்தில் பந்தைப் பிடித்துவிட்டால், வேலிக்கு மேலால் விழுந்தாலும் அடித்தவன் அவுட். பத்திரிகை ஒரு பிழையும் விடவில்லை. நான்தான் எங்கள் ஊர்க் கிரிக்கெட் விதியை அதற்குள் செருகியிருக்கிறேன்.

என்னோடு அறையில் இருக்கும் மலரக்காவிடம் சொன்னேன். பதினொரு வருடமாக இங்கே வீடு துடைக்கிறவர்.

“விசரே உனக்கு? ரெண்டு கிழடுகள் பந்துக்குச் சண்டை பிடிச்சால் உனக்கென்ன? வாயைத் திறந்தியெண்டால் வியாழக்கிழமையும் மொப்போடைதான்.” பிறகு கொஞ்சம் இரங்கி, “படிச்ச ஆக்கள் பிழை விட்டால் சொல்லுறேல்லையடி. எங்கடை பள்ளிக்கூட அதிபர் ஒருநாளாவது சொன்னவரே?” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சொன்னால் என் கதிரை போய்விடும். சொல்லாவிட்டால் அந்தக் கிழவருக்கு இருந்த ஒரே சிநேகிதர் திரும்பி வரமாட்டார். எதைக் காப்பாற்றுவதென்று எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே வியாழன் காலை சின்யோராவிடம் அனுமதி கேட்டு பகேரியாவுக்கு ரயில் ஏறினேன். கார்மெலோ கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. அறைக்குள் போய்க் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். திரும்பி வரும் வழியில் மூன்று தரம் கேட்டார், “உன்ரை பிழையை ஆரும் பிடிக்கேல்லையே. பிறகு ஏன் வந்து சொன்னனீ?” மூன்று தரமும் என் இத்தாலியம் அதற்குப் போதவில்லை. தமிழும் போதியிருக்காது.

நீனோவின் வீட்டு வாசலில் கார்மெலோ எனக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். “உனக்குத்தான் திறப்பான்,” என்றார். திறந்தது. நான் உள்ளே போய் உட்காரவில்லை.

“சின்யோர் நீனோ, அது அவுட். மீனவன் வெண்டவன். நான் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. “பத்திரிகை பிழையோ, நீ பிழையோ?”

“நான். எங்கடை நாட்டிலை பந்தோடை எல்லையைத் தாண்டினால் அது பிடி இல்லை. அடிச்சவனுக்கு ஆறு ஓட்டம்.”

“பந்து கையிலை இருக்கேக்கையும்?”

“ஓம்.”

“நிலத்திலை விழவே இல்லை, எண்டாலும்?”

“ஓம்.”

“அது அநியாயம்,” என்றார் நீனோ.

“என்ன அநியாயம்? எல்லை எண்டால் எல்லைதானே,” என்று வாசலிலிருந்து கார்மெலோவின் குரல் வந்தது. “இந்தப் பிள்ளையின்ரை நாட்டுச் சட்டம்தான் சட்டம். அந்தச் சட்டப்படி உன்ரை மீனவன் இப்பவும் தோல்விதான்.”

நீனோ கதவை இன்னும் அகலத் திறந்தார். பிறகு, “உள்ளை வந்து கத்து. தெருவுக்குக் கேக்குது,” என்றார்.

அவர்களுக்குள் மன்னிப்பு என்று ஒன்று நடந்ததை நான் காணவில்லை. மூட்டை பற்றிய பேச்சை யாரும் எடுக்கவில்லை. என்னிடம் மட்டும் நீனோ ஒரு விரலை நீட்டிச் சொன்னார்: “இனி வாசி. சொல்லாதை. ஆங்கிலத்திலையே வாசி. எழுத்துத்தான் தெரியாது, காது இருக்கு.” வியாழக்கிழமை என்னிடமே இருக்கிறது, அப்படியென்றால் மன்னித்துவிட்டார். சொல்வதை எடுத்துவிட்டார், அப்படியென்றால் நம்பவில்லை. முப்பது வருடம் அந்த மொழிக்குள் இருந்தவருக்கு அதை நான் ஏன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

விதிச் சண்டை முடியவில்லை. செய்து பார்த்துவிடலாம் என்று பின்முற்றத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் நடுவில் இடுப்பளவு மதில். நீனோ பந்துக்குப் பதிலாக ஒரு தோடம்பழத்தைக் குத்துமதிப்பாக மேலே எறிந்தார். எழுபது வயதுக் கார்மெலோ மதிலோடு சாய்ந்து, எக்கி, அதைப் பிடித்தே விட்டார். பிடித்த வேகத்தில் மேற்பாதி அந்தப் பக்கம் தொங்க, கால் இரண்டும் இந்தப் பக்கம் காற்றில் உதைத்தன. பக்கத்து வீட்டுக்காரி, யாரோ தன் வீட்டுக்குள் விழுகிறான் என்று சத்தம் போட்டாள்.

“பிடிச்சவனோ?” என்றார் கண் தெரியாத நீனோ. “ப்ரொபெசொரேஸ்ஸா, நீ பாத்தனீ. சொல்லு.”

“அவுட்,” என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

கார்மெலோ மதிலில் தொங்கியபடியே தலையைத் தூக்கித் திருப்பி என்னைப் பார்த்தார். “அப்ப கையை ஏன் உயர்த்தி வைச்சிருக்கிறாய்?”

பார்த்தேன். என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே, ஆறு ஓட்டம் என்று, நேராக நின்றுகொண்டிருந்தன.