கடைவாசலில் தொங்கிய கொடி

நேற்று பழவேற்காட்டுக் கடைத்தெருவில், வலைக்குச் சாயமேற்ற மரப்பட்டை காய்ச்சும் வாடை வந்தது. மூக்கு இழுத்த வழியே போனால் ஒரு புதுக் கடை, வாசலில் இங்கிலீஷ் கும்பினிக் கொடி. சட்டென்று எதிர்ப்பக்கம் மாறி நடந்துவிட்டேன். சிரிக்காதீர்கள், கடைவாசலில் துணி தொங்கினாலே நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

இந்த ஊர்க் கோட்டை டச்சுக்காரர் என்கிற ஒல்லாந்துக்காரர் கையில் இருந்த காலம். அதைப் பிடிக்க இங்கிலீஷ்காரர் வருவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நானும் என் மனைவியின் அண்ணனும் வலைநூல் கடை வைத்திருந்தோம். நூல் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஒற்றர்கள் என்பது என் கணக்கு. "கோட்டக்காரன் நிப்பானா, இன்னா சொல்ற?" என்று யாராவது கேட்டால் நூல்கண்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மச்சான் அப்படியில்லை. "வாயில்லாத கடைக்கு எவன் வருவான்?" என்று சிவப்பு, வெள்ளை, நீலத்தில் கோட்டைக் கொடியைப் போலவே தைத்து வாசலில் கட்டினார். கோட்டைச் சேவகர்கள் வந்து முதுகில் தட்டினார்கள், ஒரு முழம் நூல்கூட வாங்கவில்லை. அவர்களுக்கு வலை எதற்கு?

வலை வைத்திருந்தவர்களுக்கோ கோட்டைமேல் கடுப்பு. கப்பல் சரக்கை இறக்க, கோட்டை ஆட்கள் கேட்காமலே மீனவர் படகைப் பிடித்துப் போவார்கள். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடிப் பாடு பிரிப்பது வழக்கம் அல்லவா? அந்தமுறை, நூலை எந்தக் கடையில் வாங்குவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிட்டார்கள். சண்டையில்லை, ஏச்சில்லை. எல்லாரும் எங்களைத் தாண்டி அடுத்த கடைக்குப் போனார்கள்.

பயந்துபோய் நானே கொடியை அவிழ்த்தேன். அங்கேதான் கெட்டது. படகுக்காரர் ஒருவர் ஓடிவந்தார்.

"கொடிய எறக்கிட்டியாமே? இங்கிலீஷ்காரன் வர்றான்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல நைனா. நூலு விக்கலைன்னுதான்..."

"எங்ககிட்டயே மறைக்கிற பாத்தியா!"

அதே கேள்வியைக் கோட்டைச் சேவகர்கள் ஈட்டியோடு வந்து கேட்டார்கள். கொடி தைத்தது யார் என்று ஊருக்கே தெரியும், மச்சானைத்தான் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தவர் மறுநாளே பக்கத்து ஊரான திருப்பாலைவனத்துக்கு ஏர் பிடிக்கப் போய்விட்டார். கடையும் அதோடு சரி.

ஒல்லாந்துக்காரர் போனார்கள், அவர்கள் கொடியும் போயிற்று. அதற்கெல்லாம் எனக்கு வருத்தமில்லை. மச்சான் கொடி கட்டிய அந்தக் கயிற்றில் அதற்குமுன் அவருடைய துண்டுதான் காய்ந்துகொண்டிருக்கும். ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அந்த நாட்கள்தான் திரும்பவில்லை. இப்போதெல்லாம் துண்டு வாங்கப் போனால், நானே முதலில் அதன் நிறத்தைத்தான் பார்க்கிறேன்.